காந்தத்துக்கு வந்த வெளிச்சம்

என் மேசை இழுப்பறையில் கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு கண்ணாடிக் குப்பி இருக்கிறது. உள்ளே இருப்பதைப் பார்த்தால் ஆறிப்போன டீ என்றுதான் யாரும் சொல்வார்கள். பக்கத்திலேயே பிறை வடிவில் ஒரு காந்தத் துண்டு. செத்துப்போன ஹார்ட் டிஸ்க்கிலிருந்து பிடுங்கியது. இரண்டையும் எனக்குக் கொடுத்துவிட்டுப் போனவரை நான் பாஜி என்றுதான் கூப்பிட்டேன். அவர்கள் வீட்டு உருதுவில் அக்கா என்று அர்த்தம். ராயப்பேட்டைக்காரர். அடையாறில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருவருக்கும் ஒரே மேசை. எனக்கு வாய் நீளம், அவருக்குப் பிடிவாதம் அதிகம், எப்படியோ ஒத்துப்போயிற்று.

பாஜியின் அம்மாவை எல்லோரும் அம்மீ என்போம். அவருக்கு வயிற்றில் ஒரு கட்டி. எடுத்தார்கள், அதே இடத்தில் மறுபடி வந்தது. மறுபடி அறுத்தார்கள். டாக்டர் நல்ல மனிதர், ஒளிக்காமல் சொன்னார்: "ஸ்கேன்ல தெரியுதும்மா. திறந்து பார்த்தா எது கட்டி, எது நல்ல சதைன்னு ஓரம் தெரிய மாட்டேங்குது." அந்த ஒரு பேச்சைத் தூக்கிக்கொண்டுதான் பாஜி தினமும் வேலைக்கு வந்தார். கட்டியில் போய் ஒட்டிக்கொள்ளும் ஒரு நுண்துகள் வேண்டும். அதில் காந்தம் இருந்தால் ஸ்கேன் இயந்திரம் கண்டுபிடிக்கும். ஒளியும் இருந்தால் அறுக்கும்போது டாக்டரின் கண்ணுக்கே ஓரம் தெரியும். "நம்ம காலத்துல ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமோ என்னமோ. எங்கம்மா கண்ணு மூடுறதுக்குள்ள ஒரு தடவையாச்சும் அந்த வெளிச்சத்தப் பார்த்துடணும்" என்பார். அதற்குமேல் அவருக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

சொல்வது சுலபம். ஒரு தலைமுடியின் குறுக்கே ஆயிரக்கணக்கில் அடுக்கி வைக்கக்கூடிய பொடி அது. அதிலும் இரும்புக்கும் ஒளிக்கும் ஆகவே ஆகாது. ஒளிரும் பொருளை இரும்பின்மேல் நேராக ஒட்டினால், இரும்பு வெளிச்சத்தை அப்படியே முழுங்கி ஏப்பம் விட்டுவிடும். அதனால் நடுவே ஒரு கண்ணாடிப் பூச்சு. சீரக மிட்டாய் மாதிரி: உள்ளே சீரகமாக இரும்பு, சுற்றிலும் சர்க்கரையாகக் கண்ணாடி, வெளியே வர்ணமாக ஒளி. மெல்லிசாகப் பூசினால் வெளிச்சம் அணைந்தது. தடியாகப் பூசினால் காந்தம் எவ்வளவு கூப்பிட்டும் துகள் அசையாமல் அடம்பிடித்தது. எத்தனை குப்பிகளைக் கொட்டினோம் என்பதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

ஒருநாள் புற ஊதாக் கதிர் டார்ச்சை அடித்ததும் குப்பி ஒளிர்ந்தது. பச்சை வரவேண்டிய இடத்தில் நீலம். "பச்சைதான் பாஜி, லேசா நீலம் கலந்த பச்சை" என்று நானே தீர்ப்பு சொல்லி, கேன்டீனுக்கு ஓடிப்போய்க் கேசரி வாங்கி வந்தேன். பாஜி ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுக் காந்தத்தை வைத்துப் பார்த்தார். இரும்பின் பழுப்பு நிறம் சமர்த்தாகக் காந்தத்தின் ஓரம் போயிற்று. வெளிச்சம் மட்டும் தண்ணீரிலேயே நின்றது. காலிக் குப்பியில் டார்ச் அடித்தார். அதுவும் ஒளிர்ந்தது. தன் வெள்ளைத் துப்பட்டாவில் அடித்தார். அட, அது நிலா மாதிரி ஜொலிக்கிறது! ஆய்வுக்கூடத்துச் சோப்பு தீர்ந்துபோனதால் அவரே வீட்டிலிருந்து கொண்டுவந்த சலவைப் பவுடரில்தான் குப்பிகளைக் கழுவியிருந்தோம். துணியை வெளுப்பாகக் காட்டுகிற சரக்கு அதில் இருக்கிறது; அந்த டார்ச் பட்டால் அதுதான் நீலமாக ஒளிரும். "அல்லாவே, துணி சோப்புக்கா கேசரி தின்னோம்!" என்று சிரித்தவர், சிரித்தபடியே அழுதார். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

பிறகு பூச்சு சரியாக அமைந்த அன்று நாங்கள் கேசரி வாங்கவில்லை. வாயைத் திறக்கவே பயமாக இருந்தது. மறுநாளே பாஜி அம்மீயை ஆட்டோவில் கூட்டிவந்தார். இளைத்துப்போன உடம்பு; மாடிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார். சன்னலில்லாத சின்ன அறையில் நாற்காலி போட்டு விளக்கை அணைத்தோம். "இன்னாடி இது, பட்டப்பகல்ல இருட்டுல உக்கார வெச்சிட்டே?" என்றார். பாஜி புற ஊதாக் கதிர் டார்ச்சைப் போட்டார். குப்பி முழுவதும் பச்சை. அம்மீயின் கையில் காந்தத்தைக் கொடுத்து, குப்பியின் பக்கத்தில் பிடிக்கச் சொன்னார். வெளிச்சம் மெல்ல நகர்ந்தது. தண்ணீர் இருண்டுகொண்டே போக, அத்தனை பச்சையும் அந்த மெலிந்த விரல்களை நோக்கி வந்து கண்ணாடியில் ஒரு பொட்டாகச் சேர்ந்தது. செய்தவர்கள் நாங்கள்தான், எங்களுக்கே உடம்பு சிலிர்த்தது. வெளிச்சத்தைக் கூப்பிட்டால் வருமா? வந்ததே!

அம்மீ குனிந்து குப்பியைக் கிட்டத்தில் பார்த்தார். பிறகு மருதாணி மங்கிய நகத்தால் அந்தப் பொட்டைச் சுற்றி மெதுவாகக் கோடு இழுத்தார். "டாக்டரு ஓரம் தெரியலைன்னாரே... இதோ பாரு, எனக்கே தெரியுதே" என்றார். பாஜி டார்ச்சை அந்தப் பொட்டுக்கு இன்னும் கிட்டே கொண்டுபோனார்.

அடுத்த ரம்ஜானுக்கு அம்மீ இல்லை. பாஜி இப்போது வெளிநாட்டில் அதே வேலையைத்தான் செய்கிறார். துகள் இன்னும் எலிகளில் செய்யும் சோதனையைத் தாண்டவில்லை. போனில் கேட்டால், "வரும்மா, வராம எங்க போவும்" என்கிறார். நான் நந்தனத்தில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். சில மத்தியானங்களில் திரையை இழுத்துவிட்டு இழுப்பறையைத் திறக்கிறேன். டார்ச்சைப் போட்டுக் காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனால், அந்தப் பச்சை இன்றைக்கும் கூப்பிட்ட குரலுக்கு வருகிறது. அம்மீ கோடு இழுத்த இடத்தில் என் நகமும் தானாகப் போகிறது. ஓரம் நன்றாகத் தெரிகிறது.