ஜீயபுரத்தில் அடிக்காத காற்று

செவ்வாய்க்கிழமை காலை 8:50. திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் ஜீயபுரம் போகும் பஸ்ஸில் ஏறினேன். டிக்கெட் பதினைந்து ரூபாய்; தூரம் பதினான்கு கிலோமீட்டர் என்று போன் காட்டியது. சென்னையில் உட்கார்ந்துகொண்டு விவசாயிகளின் போனுக்கு வானிலைச் செய்தி எழுதி அனுப்புவது என் வேலை. படிப்பவர்களையே கேட்டு அந்தச் செய்தியைத் திருத்தி எழுதிக்கொண்டு வா என்று அலுவலகத்தில் அனுப்பியிருந்தார்கள். நாலு நாளில் முடிகிற வேலை என்று நம்பிப் போனேன். இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

காலை 10 மணி. வாழைத் தோப்பு ஓரம் ஒரு மோட்டார் கொட்டகை நிழலில் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். வண்ண அட்டைகளைக் கொடுத்து, என்ன தெரிய வேண்டும் என்று எழுதச் சொன்னேன். மழை என்று எழுதுவார்கள் என்று பார்த்தால், ஏறக்குறைய எல்லா அட்டையிலும் காற்று. தார் போட்ட மரம் காற்றில் சாய்ந்தால் ஒரு வருஷ உழைப்பு போயிற்று. இது தெரியாமல் இத்தனை நாள் இவர்களுக்கு மழை மழை என்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்று காலைதான் எங்கள் செய்தி ஒன்று போயிருந்தது: 'வியாழன் மாலை பலத்த காற்றுக்கு 60 சதவீத வாய்ப்பு.' ஒன்றரை ஏக்கரில் பூவன் வாழை போட்டிருந்த செல்வராணி, போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"அறுபதுன்னா அடிக்குமா அடிக்காதா சார்?"

"இந்த மாதிரி நூறு தடவை சொன்னா, அறுபது தடவை அடிக்கும்க்கா."

"எனக்கு இருக்கிறது ஒரே தோட்டந்தானே! இன்னும் பத்து நாள் விட்டா காய் திரண்டுடும். இப்பவே வெட்டுனா பாதி விலைக்குத்தான் கேப்பாங்க. விட்டுச் சாஞ்சா அதுவும் இல்ல. வெட்டவா, வேணாமா?"

முடிவை அவர்களிடமே விட வேண்டும் என்பது எங்களுக்குக் கொடுத்த பயிற்சி. அப்படியே சொன்னேன். அவர் விடவில்லை.

"சரி, உங்க தோட்டமா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

எனக்கு இருப்பதெல்லாம் பால்கனியில் இரண்டு துளசித் தொட்டி. வாய் சும்மா இருக்கவில்லை. "வெட்டிடுவேன்" என்றேன்.

புதன்கிழமை காலை 7:30, காந்தி மார்க்கெட். நடக்க வழியில்லாமல் வாழைத்தார்கள். வியாபாரி ஒருவர் என் வேலையைக் கேட்டதும் டீ வாங்கிக் கொடுத்தார்.

"உங்க மெசேஜ் எனக்கும் வருது சார், ரொம்ப உபயோகம். காத்துன்னு போட்டாப் போதும், எல்லாரும் ஒண்ணா வெட்டிடுவாங்க. அதான் நேத்தே ரெண்டு லாரி கூடுதலா சொல்லி வெச்சிட்டேன்."

"அப்ப விலை?"

"இவ்வளவு வரத்து வந்தா இறங்கத்தானே சார் செய்யும்?"

அவர் நல்ல மனுஷர், உள்ளபடியே நன்றி சொன்னார். அதுதான் எனக்குத் தலையைச் சுற்றியது. அவரும் எங்கள் பயனாளி, செல்வராணியும் எங்கள் பயனாளி. நான் யாருக்காகத் திருத்தி எழுதுவது? பக்கத்துக் குவியலில் காய்கள் இன்னும் திரளவில்லை; விளிம்பு மழுங்காமல் கூர்மையாகவே இருந்தது. அதில் செல்வராணியின் தார்களும் உண்டா என்று எனக்குத் தெரியவில்லை.

வியாழன் மாலை 5:15, ஸ்ரீரங்கம். நான் தங்கியிருந்த விடுதி சித்திரை வீதியில் இருந்தது. மத்தியானத்திலிருந்து வாசலில் நின்று வானத்தையே பார்த்தேன். திடீரென்று புழுதி கிளம்பியது. பூக்கடைத் தார்ப்பாய் பிய்த்துக்கொண்டு பறந்தது.

"பெருமாள் கிருபை, புழுக்கம் விட்டது" என்றார் விடுதி மேலாளர்.

எனக்கு அப்படியொரு சந்தோஷம். அலுவலகப் படிவத்தில் 'முன்னறிவிப்பு பலித்ததா?' என்ற கேள்விக்கு உடனே 'ஆம்' என்று குறித்து அனுப்பினேன்.

வெள்ளி காலை ரயிலுக்குக் கிளம்பும்போது செல்வராணிக்குப் போன் செய்தேன். தப்பித்தோம் என்று சொல்வார் என்றுதான் நினைத்தேன்.

"இங்க ஒரு இலைகூட அசையல சார். நான் மொத்தமா வெட்டிட்டேன். பக்கத்துத் தோட்டத்துல வெட்டல, தாரெல்லாம் அப்படியே நிக்குது." திட்டுவார் என்று காத்திருந்தேன். குரலில் கோபமே இல்லை. "நேத்து சாயங்காலம் பூரா வாசல்லயே நின்னு, காத்து அடிக்காதா அடிக்காதான்னு பாத்துக்கிட்டு இருந்தேன் சார். வாழை போட்டவ நினைக்கிற நினைப்பா இது?"

அதே நேரத்தில் நானும் அந்தக் காற்றைத்தான் வேண்டிக்கொண்டிருந்தேன். எனக்கு மட்டும் கிடைத்தது.