சோளகம் பாலம் தாண்டிவிட்டது

முன்பள்ளிகளைப் போய்ப் பார்ப்பதுதான் என் உத்தியோகம். அரசாங்கக் காசில் நடக்கிற இடங்கள் அவை. ஆசிரியைக்கு மாதக் கொடுப்பனவு, பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடு, பாய், படப்புத்தகம் எல்லாம் அந்தக் காசில்தான். கொடுத்தது கொடுத்தபடி பிள்ளைகளுக்குப் போய்ச் சேருகிறதா என்று பார்த்து எழுதவேண்டும். மன்னார்த் தீவு என் பொறுப்பு. பாலத்துக்கு அப்பால் இருக்கிற முசலிக் கரையைப் பார்த்தவர் இடமாற்றம் வாங்கிக்கொண்டு போனதும், "கொஞ்ச நாளைக்குப் பாருங்கோ" என்று அதையும் என் தலையில் கட்டினார்கள். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடிந்தபாடில்லை.

எனக்கும் ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாது. கந்தோர்க் கதிரையில் கொஞ்ச நேரம் இருந்தாலே கால் ஆடத் தொடங்கிவிடும். கூட்டம் என்றால் சொல்லவே வேண்டாம். "உனக்குக் காலில சக்கரம்" என்பார் என் கணவர். அடம்பன் பக்கத்து வயல்காரர் அவர். நின்ற இடத்தில் நின்று நெல் விளைவதைப் பார்க்கத் தெரிந்த மனிதர். நான் அப்படி அல்ல. ஒரு முன்பள்ளியில் நிற்கும்போதே அடுத்த முன்பள்ளியில் என்ன குளறுபடி நடக்கிறதோ என்று மனம் ஓடும்.

ஆனால் குளறுபடி ஒன்றும் என் கண்ணில் படுவதில்லை. அதுதான் என் பிரச்சினை. எங்கே போனாலும் பிள்ளைகள் முகம் கழுவிப் பவுடர் பூசி, நெஞ்சில் கைலேஞ்சித் துணி குத்தி, வரிசையாக இருப்பார்கள். கைகழுவும் இடத்தில் புதுச் சவர்க்காரம் இருக்கும். அதில் பொறித்த எழுத்துக்கூட அழிந்திருக்காது. பானையில் பயறு தேங்காய்ப்பூவோடு கமகமக்கும். ஒரு பிள்ளை அழாது. மூன்று வயதுப் பிள்ளைகள் கூடியிருக்கிற இடத்தில் ஒன்றுகூட அழவில்லை என்றால் அதைவிடச் சந்தேகமான விஷயம் உலகத்தில் உண்டா?

யாரோ முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள் என்பது தெரிந்தது. வழியை மாற்றிப் பார்த்தேன். ஒருநாள் பஸ்ஸில், ஒருநாள் ஓட்டோவில், ஒருநாள் கணவரின் மோட்டார் சைக்கிளில் அவருடைய பெரிய ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு. ஹெல்மெட் போட்ட அன்று சவர்க்காரத்தோடு புதுத் துவாயும் தொங்கியது.

உண்மை வெளிப்பட்டது முசலிக் கரையில் ஒரு முஸ்லிம் கிராமத்தில். அங்கே ஆசிரியை என்னைக் கதிரையில் இருத்திவிட்டுத் தேத்தண்ணி போடப் போயிருந்தார். அவருடைய கைத்தொலைபேசி மேசையில் கிடந்தது. வாலாட்டிக் குருவி போன்ற ஒரு சின்னப்பெண் வந்து அதை எடுத்து எங்கேயோ அமத்தினாள். உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் அறை முழுக்கக் கேட்கப் பேசியது.

"பிள்ளையள், சோளகம் பாலம் தாண்டிட்டுது. சிலாபத்துறை பஸ்ஸில முன் சீற்றில இருக்குது. பச்சைச் சாறி."

சின்னப்பெண் என் சேலையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். பச்சைதான்.

தேத்தண்ணியோடு ஓடிவந்த ஆசிரியை வாசலிலேயே நின்றுவிட்டார். "யா அல்லாஹ்" என்றார். பிறகு, "மிஸ், அது... காத்தைச் சொல்றாங்க மிஸ்" என்றார்.

"காத்து எப்பேந்து சாறி உடுக்குது?" என்று கேட்டேன்.

அவர் சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் நான் சிரிக்கவில்லை. உத்தியோகம் என்று ஒன்று இருக்கிறதே.

சோளகம் என்பது எங்கள் கரையில் தென்மேற்கிலிருந்து அடிக்கிற காற்று. வந்தால் மாதக்கணக்கில் ஓயாது. மணலை அள்ளிக் கண்ணில் போடும், படகைக் கரையில் ஏற்றும், காயப்போட்ட துணியை அடுத்த ஊர் வேலியில் கொண்டுபோய்த் தொங்கவிடும். ஆசிரியைமார் எல்லாரும் ஒரு வட்ஸ்அப் குழுவில் இருந்தார்கள். அதில் எனக்கு வைத்த பெயர் அதுதான். வீட்டுக்கு வந்து கணவரிடம் கொதித்தேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "பொருத்தமாத்தான் வைச்சிருக்கினம்" என்றார். "எங்கட பக்கத்தில காத்து வந்தா நெல்லுத் தூத்துவம். அங்க காத்து வந்தா ஓடி ஒளியினம்."

அந்தக் குழுவைக் கலைக்கச் சொல்லி நான் உத்தரவு போடவில்லை. உண்மையைச் சொன்னால், உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. வருஷக்கணக்காகத் தூங்கிக்கிடந்த இடங்கள், என் பெயரைக் கேட்டாவது பயறு அவிக்கின்றனவே என்று நினைத்தேன்.

தீவின் தெற்குக் கரையில் ஒரு மீன்பிடிக் கிராமம். கத்தோலிக்கர்கள். அங்கே இருந்த முன்பள்ளிதான் எனக்கு நித்திரை இல்லாமல் செய்தது. கடலுக்கும் அதற்கும் இடையில் நாலைந்து பனையைத் தவிர ஒன்றும் இல்லை. அரைச்சுவர், அதற்கு மேல் கம்பிவலை, அதற்கு மேல் தகரக் கூரை. உப்புக்காற்றில் தகரம் துருப்பிடித்து, ஆணி பிடிக்கும் இடமெல்லாம் ஓட்டை விழுந்திருந்தது. சும்மா காற்றுக்கே கூரை கடகடவென்று பேசும். பிள்ளைகள் அந்தச் சத்தத்துக்கு மேலாகக் கத்திப் பாடப் பழகியிருந்தார்கள்.

கூரையை மாற்றக் கேட்டு நான் ஏறாத படி இல்லை. பிரதேச சபையில் காணி பக்கத்தில் இருக்கிற மாதா கோயிலுடையது என்றார்கள். கோயிலில் கட்டடம் வெளிநாட்டு உதவியில் வந்தது, எங்களுடையது இல்லை என்றார்கள். உதவி செய்தவர்கள் எப்போதோ மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். என் மேலதிகாரி, "அடுத்த வருஷம் பார்ப்பம்" என்றார். செவிடன் காதில் ஊதிய சங்குதான். காற்றுக் காலம் நெருங்க நெருங்க எனக்கு அந்தத் தகரத்தின் சத்தம் கந்தோருக்குள்ளேயே கேட்கத் தொடங்கியது.

அங்கே இருந்த ஆசிரியை என்னைவிட நன்றாக இளையவள். கணவன் கடலுக்குப் போகிறவன். அவளுடைய கொடுப்பனவு கடைச் சாமானுக்கும் காணாது, ஆனால் கடல் பொய்க்கிற மாதங்களில் அந்த வீட்டில் அடுப்பெரிந்தது அதில்தான். ஒருமுறை நான் போனபோது முன்பள்ளி நேரம் முடியுமுன்பே பூட்டிக்கிடந்தது. முற்றத்தில் இரண்டு கழுதைகள் சுவரோடு ஒட்டிக் காற்றுக்கு ஒதுங்கி நின்றன. நான் வீட்டுக்கே போய் அவளைக் கூப்பிட்டேன்.

"மணல் அடிக்குது மிஸ், பிள்ளையளின்ர கண்ணுக்குள்ள போகுது. அதான் விட்டனான்" என்றாள்.

"சோளகம் மாதக்கணக்கில அடிக்கும். அவ்வளவு நாளும் பூட்டிவைக்கிறதோ? இன்னொரு தரம் பூட்டிக் கிடந்தால் உங்கட கொடுப்பனவை நிப்பாட்டச் சொல்லி எழுதுவன்" என்றேன்.

சட்டம் அப்படித்தான். காற்று அடிக்கிறது என்று ஒருத்தி பூட்டினால், வெயில் எறிக்கிறது என்று இன்னொருத்தி பூட்டுவாள். சாப்பாட்டை நம்பி வருகிற பிள்ளைகள் வெறும் வயிற்றோடு திரும்பிப்போகும். இதை இன்றைக்குக் கேட்டாலும் நான் இப்படித்தான் சொல்வேன்.

அதற்குப் பிறகு ஒருநாள் காலை கந்தோரில் கூட்டம். யன்னல் கதவுகள் அடித்துக்கொண்டன. மேசையில் இருந்த கடதாசியெல்லாம் பறந்தது. யாரோ எழுந்துபோய்க் கொளுக்கி போட்டார்கள். கடலுக்குப் போகவேண்டாம் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு ஒரு வாகனம் போனது. எனக்கு அதற்குமேல் கூட்டத்தில் ஒரு சொல்லும் ஏறவில்லை. அந்தத் தகரம்தான் கண்ணுக்குள் நின்றது. மேசைக்குக் கீழே வைத்து அந்த ஆசிரியைக்கு அழைப்பு எடுத்தேன். மணி போனது, எடுக்கவில்லை. திரும்பவும் எடுத்தேன். எடுக்கவில்லை.

சரி, புத்தியுள்ள பெண், பிள்ளைகளை வீட்டுக்கு விட்டிருப்பாள் என்று எனக்கு நானே சொன்னேன். கால் கேட்கவில்லை. கூட்டத்தின் நடுவிலேயே எழுந்து வந்து ஓட்டோ பிடித்தேன். ஓட்டோக்காரர், "இந்தக் காத்துக்குள்ள அங்கயோ?" என்று கேட்டார். வழி முழுக்க ஓட்டோ பக்கவாட்டில் தள்ளாடியது. கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பூட்டியிருக்கவேண்டும், பூட்டியிருக்கவேண்டும் என்று நேர்ந்துகொண்டு போனேன். ஒரு முன்பள்ளி பூட்டிக்கிடக்க வேண்டும் என்று நான் நேர்ந்தது அன்றைக்குத்தான்.

பூட்டியிருக்கவில்லை.

படலையில் மூன்று நாலு தாய்மார் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு நின்றார்கள். என்னைக் கண்டதும் ஒருத்தி பாய்ந்து வந்தாள்.

"வந்திட்டீங்களோ? பாருங்கோ, பார்த்து முடிச்சிட்டு எங்கட பிள்ளையளைத் தாங்கோ!"

"ஏன், ரீச்சர் பிள்ளையளை விடேல்லையோ?"

"கேட்டுப் பார்த்திட்டம். மிஸ் வாறா, வந்து பார்த்திட்டுப் போனாப் பிறகுதான் தருவன் எண்டு நிக்கிறா!"

நான் வருவதாக யாருக்கும் சொல்லவில்லை. எனக்கே தெரியாது. முற்றத்தைக் கடந்து ஓடினேன். கூரையில் இரண்டு தகரம் ஒரு பக்கம் கழன்று, எழும்பி எழும்பி விழுந்துகொண்டிருந்தன. வாசலில் அவள் நின்றாள், உடுத்தியிருந்தது அவளிடம் இருந்த நல்ல சேலை. என்னைக் கண்டதும் அவள் முகத்தில் வந்த ஆறுதலை நான் என்னவென்று சொல்ல! தப்பினேன் என்று நினைத்திருப்பாள்.

உள்ளே பிள்ளைகள் வரிசையாக, கைகட்டிக்கொண்டு, அந்தக் கூரைக்குக் கீழே. தலை, புருவம் எல்லாம் மணல். கைலேஞ்சி ஒன்றும் கோணாமல் குத்தியிருந்தது. நான் காலடி வைத்ததும் எல்லாரும் எழும்பினார்கள்.

"கா-லை வணக்-கம் மிஸ்!"

"வெளியில எடுங்கோ! பிள்ளையளை வெளியில எடுங்கோ!" என்று கத்தினேன். அவளுக்கு விளங்கவில்லை. "பாட்டுப் பாடவேணும் மிஸ், புதுப்பாட்டு" என்றாள். நான் முன்வரிசையில் இருந்த இரண்டு பிள்ளைகளை அப்படியே தூக்கிக்கொண்டு ஓடினேன். அதைக் கண்டுதான் தாய்மார் உள்ளே பாய்ந்தார்கள். கையில் அகப்பட்ட பிள்ளையை அகப்பட்டவர் தூக்கினார்கள், தன் பிள்ளை பிறர் பிள்ளை என்று யாரும் பார்க்கவில்லை. கடைசியாக அவள் வந்தாள், இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. கோயில் சுவருக்கு இந்தப் பக்கம் அவள் வந்து சேரும்போது பின்னால் பெரிய சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தோம். பிள்ளைகள் இருந்த பாய்களின் மேல் ஒரு தகரம் கிடந்தது. மற்றது கூரையின் வளை மரத்தையும் பிடுங்கிக்கொண்டு பனையடிக்குப் போயிருந்தது.

கோயிலுக்குள் கதவைச் சாத்தியதும் ஒரே அமைதி. பிள்ளைகள் அதற்குள்ளேயே வாங்குப் பலகைகளுக்குக் கீழே தவழ்ந்து விளையாடத் தொடங்கிவிட்டார்கள். ஒன்றுக்கும் கீறல்கூட இல்லை. தாய்மார் மாதா சுரூபத்துக்கு முன்னால் முழந்தாளிட்டு அழுதார்கள். நான் அவளைத் தூணருகில் இழுத்துக்கொண்டு போனேன்.

"ஆர் உங்களுக்குச் சொன்னது நான் வாறனெண்டு?"

"குறூப்பில போட்டவ மிஸ். அடுத்த ஊர் ரீச்சர்."

"என்னெண்டு போட்டவ?"

அவள் தலையைக் குனிந்தாள். "சோளகம் கடுமையா வருது, பிள்ளையளை ஒருத்தரையும் விடாமல் உள்ளுக்குள்ள வைச்சிருங்கோ எண்டு."

அடுத்த ஊர் ஆசிரியையின் முன்பள்ளிக்குக் கொங்கிறீட் கூரை. பாவம், அவர் காற்றைத்தான் சொல்லியிருக்கிறார். கடலைச் சொல்லி, வானத்தைச் சொல்லி, ஒலிபெருக்கியில் கேட்டதைச் சொல்லி எச்சரித்திருக்கிறார். பரம்பரை பரம்பரையாகக் காற்றைப் பார்த்துப் பிழைக்கிற ஊர். அங்கே பிறந்து வளர்ந்தவளுக்கு, தலைக்கு மேலே தகரம் பிய்ந்து அடித்துக்கொண்டிருக்கிறபோதும் சோளகம் என்றால் நான்தான். கடுமையாக வருகிறது என்றால், நான் கோபமாக வருகிறேன். என் அழைப்பை அவள் எடுக்காததற்கும் காரணம் தெரிந்தது. பார்வையிட வரும்போது ஆசிரியையின் கையில் தொலைபேசி இருக்கக்கூடாது என்று சொன்னதும் நான்தானே. அவள் அதை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியிருந்தாள்.

"தகரம் அடிக்கிறது உங்களுக்குக் கேக்கேல்லையோ?" என்றேன்.

"கேட்டது மிஸ். பயமாத்தான் இருந்தது. செபம் சொல்லிச் சொல்லித்தான் நிண்டனான். நீங்கள் இந்தா வந்திடுவீங்கள், பார்த்திட்டு விடச் சொல்லுவீங்கள் எண்டு றோட்டையே பார்த்துக்கொண்டு நிண்டனான்."

அவள் சேலைத் தலைப்பால் முகத்து மணலைத் துடைத்தாள். சுற்றிப் பார்த்தாள், தாய்மாருக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினாள்.

"மிஸ், இண்டைக்கு நேரத்துக்கு முதலே விட்டதெண்டு எழுதிக் கொடுப்பனவை நிப்பாட்டுவீங்களோ?"

அப்போது நான் அவளைத் திட்டத் தொடங்கினேன். மூளை இல்லையோ என்றேன், கண் இல்லையோ என்றேன், பிள்ளைகளுக்கு ஒன்று நடந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்றேன். கோயில் என்றும் பாராமல் கத்தினேன். எனக்கு அழுகை வந்தது, அது வெளியே வந்துவிடாமல் இருக்க இன்னும் கத்தினேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு, சற்றுமுன் பிள்ளைகள் இருந்த மாதிரியே நேராக நின்று, ஒவ்வொன்றுக்கும் "ஓம் மிஸ், ஓம் மிஸ்" என்றாள்.