இடைவேளையில் மாமா கேட்டது

பழைய படங்களெல்லாம் மறுபிறவி எடுக்கும் காலம் இது. விண்கப்பல், எந்திர மனிதன், ஊரையே பொசுக்கும் துப்பாக்கி என்று சின்ன வயதில் வாய் பிளந்து பார்த்ததையெல்லாம் துடைத்துத் துலக்கி மறுபடியும் தியேட்டரில் விடுகிறார்கள். போன மாதம் சேலத்தில் ஒரு மாலுக்கு அப்படி ஒன்று வந்தது. தலை நரைத்தவர்கள் பிள்ளைகளைச் சாக்காக வைத்துக்கொண்டு போய் விசிலடித்தார்கள். நான் அந்தக் கூட்டத்தில் சேர்கிற ஆளில்லை. ஆனால், சினிமா என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற என் அம்மா செய்தித்தாளில் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, "இது அந்தப் படந்தானே? உன்ற மாமன் நம்மளைக் கூட்டிட்டுப் போனது?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "போலாமா?" என்றாள்.

எங்கள் வீட்டில் அந்தப் படத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நான் நாலாம் வகுப்புப் படிக்கும்போது பார்த்தது. அதைப் பார்த்த வருஷமே மாமா போய்ச் சேர்ந்துவிட்டார்.

மாமா, அம்மாவுக்கு ஒரே அண்ணன். நாமக்கல்லில் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தார். வெறும் எலும்புக்கூடாக வந்து நிற்கிற லாரி, அங்கிருந்து வெளியே போகும்போது கல்யாணப் பெண் மாதிரி போகும். எதை வேண்டுமானாலும் கழற்றி வேறொன்றை மாட்டிவிடலாம் என்பது அந்தப் பட்டறையில் நான் படித்த பாடம். அதனால் மாமாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னபோது எனக்குப் பெரிய கவலை ஒன்றும் வரவில்லை.

அவருக்கு இரண்டு சிறுநீரகங்களும் கெட்டுப்போயிருந்தன. வாரத்தில் இரண்டு தடவை சேலம் போய் மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருவார். அதற்கென்று இடது கையில் ஓர் ஆபரேஷன் செய்திருந்தார்கள். மணிக்கட்டுக்கு மேலே ரத்தக்குழாய் புடைத்துக் கயிறு மாதிரி கிடக்கும். அதன்மேல் விரலை வைத்தால் உள்ளே விர்ரென்று அதிரும். மாமாவுக்குள் மோட்டார் வைத்திருக்கிறார்கள் என்று நானாகவே முடிவு கட்டி, பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிப் பெருமையடித்தேன். மாமா வீட்டுக்கு வந்தால் முதல் வேலையாக அவர் கையைப் பிடித்து மோட்டார் ஓடுகிறதா என்று பார்ப்பேன். "ஓடுதா சாமி?" என்பார். ஓடுது மாமா என்பேன். "அப்பச் செரி" என்று சிரிப்பார்.

மெஷினை நம்பி ரொம்ப நாள் ஓட்ட முடியாது, யாராவது ஒரு சிறுநீரகம் கொடுத்தால்தான் பிழைப்பார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அத்தையின் ரத்தம் சேரவில்லை. அம்மாவைப் பெற்ற அப்புச்சிக்குச் சர்க்கரை நோய். மாமாவின் பிள்ளைகள் என்னைவிடச் சின்னவர்கள். மிச்சம் இருந்தது அம்மா ஒருத்திதான். ரத்தம் ஒரே வகை, கூடப்பிறந்தவள், திடமான உடம்பு. இதெல்லாம் இரண்டு வீட்டிலும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

எங்கள் பக்கத்து வழக்கம் அப்படி. பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டால் பிறந்த வீடு காலமெல்லாம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கவேண்டும். பொங்கலுக்குச் சீர், காது குத்தினால் மாமன் சீர், வீடு கட்டினால் சீர். அங்கிருந்து வாங்குவது என்ற பேச்சே கிடையாது. எருமப்பட்டிப் பக்கம் எங்கள் கோழிப்பண்ணைக்கு வரும்போதெல்லாம் பழமோ பலகாரமோ அம்மா கையில் கொடுக்காமல் மாமா ஒரு வாய் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. அப்பேர்ப்பட்டவர் தங்கை வீட்டு வாசலில் நின்று, உன் உடம்பிலிருந்து ஒன்றைக் கொடு என்று எப்படிக் கேட்பார்? அப்பாவும் மாட்டேன் என்று சொன்னவரில்லை. "மொதல்ல அவங்க வந்து முறையாக் கேக்கட்டும். கேக்காததுக்கு நாம எதுக்குத் தலைய நீட்டோணும்?" என்றார். அம்மா அதற்குப் பதில் பேசவில்லை. அவளுக்கும் பயம் இருந்திருக்கும். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். மாமாவுக்கு அழத் தெரியாது. அவர் முகம் வாரத்துக்கு வாரம் ஊதிக்கொண்டே வந்தது.

கடைசியில் அத்தைதான் ஒரு வழி கண்டுபிடித்தாள். தங்கை வீட்டில் கேட்க முடியாது. தன் வீட்டுக்குக் கூப்பிட்டுக் கேட்டால், விருந்துக்கு வந்தவளை மடக்கியதாகிவிடும். ஆனால் தியேட்டர் யாருடைய வீடும் இல்லையே. "பொடுசுக்குப் படம் காட்டறாப்பல கூட்டிட்டுப் போயிக் கேட்டுப்போட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். இது எனக்குப் பின்னாளில் தெரிந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், பரீட்சை நெருங்கும் சமயத்தில், கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்தது போல மாமா வேனில் வந்து இறங்கி, "படத்துக்குப் போலாமா சாமி?" என்று கேட்டதுதான்.

பரீட்சைக் காலத்தில் புதுப்படம் வராது. தியேட்டர்காரர்கள் அப்போது தமிழ் பேசும் பழைய இங்கிலீஷ் படங்களைத் தூசி தட்டி எடுப்பார்கள். போஸ்டரில் 'புத்தம் புதிய காப்பி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். "கல்யாணத்துக்கு முன்னால நான் மூணு வாட்டி பாத்த படம். மறுபடி வந்திருக்குது. அம்மிணி, நீயும் வா" என்றார் மாமா. அம்மா மறுப்பாள் என்று நினைத்தேன். அவள் உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்தாள். அப்பா வாசல்வரைக்கும் வந்து, "போயிட்டு வாங்க மச்சான்" என்று சொல்லிவிட்டு, எங்கள் வேன் கிளம்பும் முன்பே கோழிகளைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

மதியக் காட்சி. கூட்டம் அதிகமில்லை. என்னை நடுவில் உட்காரவைத்து அந்தப் பக்கம் மாமாவும் இந்தப் பக்கம் அம்மாவும் உட்கார்ந்தார்கள். புத்தம் புதிய காப்பியில் முதல் காட்சியிலிருந்தே கீறல் மழை கொட்டியது. பனி மூடிய ஏதோ ஒரு கிரகம். அங்கே காவல் நிற்கும் ஒரு வீரன். பூதாகாரமான எதிரிகள் கப்பலை உடைத்துக்கொண்டு வருவார்கள், மதுரைத் தமிழில் சவால் விடுவார்கள். ஒவ்வொரு சண்டையிலும் வீரனுக்கு ஏதாவது ஓர் உறுப்பு போகும். கப்பலில் இருக்கிற டாக்டர் வேறொன்றை மாட்டிவிடுவார். முதலில் கை, அப்புறம் கால், அப்புறம் ஒரு கண். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. எங்கள் மாமாவும் இந்த இனம்தான் என்று எழுந்து நின்று கத்தலாம்போல இருந்தது.

இருட்டில் மாமாவின் கையைத் தேடிப் பிடித்து மோட்டாரின்மேல் விரலை வைத்துக்கொண்டேன். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. தாகத்துக்கு அவர் சட்டைப்பையிலிருந்து ஏலக்காய் ஒன்றை எடுத்து வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தார். தண்ணீர் அவருக்கு அளந்துதான். அத்தை காலையிலேயே ஒரு சின்னச் செம்பில் ஊற்றி வைத்துவிடுவாள், அதுதான் அன்றைக்கு முழுவதும்.

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு காட்சி. வீரனின் மார்பில் குண்டு பாய்ந்துவிடுகிறது. பக்கத்தில் சாகக்கிடக்கும் தோழன், "நண்பா! என் இதயத்தை எடுத்துக்கொள்! பூமியைக் காப்பாற்று!" என்று வசனம் பேசிவிட்டுத் தலையைச் சாய்க்கிறான். டாக்டர் அங்கேயே கத்தியை எடுக்கிறார். தியேட்டரில் விசில் பறந்தது. நான் திரும்பிப் பார்த்தால் அம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். இங்கிலீஷ் படத்துக்குக்கூட அழுகிற ஆளைப் பார்த்திருக்கிறீர்களா? எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மாமா அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு என் பக்கம் குனிந்து, ஆனால் அம்மாவுக்கும் கேட்கிற மாதிரி, "பாத்தியா சாமி, ஸ்பேர் பார்ட்டு எத்தன லேசாக் கெடைக்குது" என்றார். சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அவர் உடனே, "படம்னா அப்படித்தான்" என்று சேர்த்துக்கொண்டார்.

விளக்குப் போட்டதும் மாமா என்னிடம் பாப்கார்னும் சோடாவும் வாங்கிவரச் சொன்னார். வழக்கமாகத் தனியாக எங்கேயும் விடாத அம்மாவும், "போ, மெதுவா வாங்கிட்டு வா" என்றாள். கடையில் பெரிய பையன்கள் முண்டியடித்தார்கள். நானும் இடுக்கில் நுழைந்து ஒரு வழியாக வாங்கிக்கொண்டு திரும்பினால், இரண்டு பேரும் விட்டுவிட்டுப் போன மாதிரியே உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் என் இருக்கை காலியாகக் கிடந்தது. திரையில் நகைக்கடை விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. சோடாவை மாமாவிடம் நீட்டினேன். ஒரு வாய் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அம்மா அந்த ஒரு வாயையே பார்த்தாள்.

படம் முடிந்து வீட்டுக்கு வந்தோம். மாமா வேனைவிட்டு இறங்கவில்லை. "வாரேன் அம்மிணி" என்று அங்கிருந்தே சொல்லிவிட்டுப் போனார்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் அவருக்கு மூச்சுத் திணறி, சேலம் போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது. எழவு வீட்டில் அத்தை அம்மாவைக் கட்டிப்பிடித்து அழவில்லை. எல்லோர் முன்னாலும், "வாயத் தொறந்து கேட்டாருல்ல? அந்த மனுசன் சென்மத்துல யாருகிட்டயும் எதையும் கேட்டதில்லியே. உன்னைக் கேட்டாருல்ல? 'அவ ஊட்டுல உடமாட்டாங்க'ன்னு எங்கிட்ட வந்து சொல்லிப்போட்டு அன்னைக்குச் சோறுகூட உங்கல" என்றாள். கூட்டம் முழுக்க அம்மாவைத் திரும்பிப் பார்த்தது. அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். பதில் சொல்லவில்லை.

அத்தோடு போக்குவரத்து நின்றது. நான் பெரியவளானபோது மாமன் வீட்டிலிருந்து சீர் வரவில்லை. சீர்த்தட்டு வைக்கவேண்டிய இடத்தை மூடி மறைக்க அப்பா வேறு உறவுக்காரர்களைக் கூப்பிட்டு நிறுத்தினார். ஒறம்பரை, சொந்தபந்தம் என்று எந்த வீட்டில் அம்மா நுழைந்தாலும் பேச்சு நிற்கும். அண்ணன் கேட்டும் கொடுக்காதவள் என்று ஊரெல்லாம் நம்பியது. நானும் அப்படித்தான் நம்பி வளர்ந்தேன். அம்மாமேல் எனக்குக் கோபம் இருந்தது. அப்பா போன பிறகு அவளைச் சேலத்தில் என்னோடு வைத்துக்கொண்ட போதும் அந்தக் கோபம் முழுக்கப் போகவில்லை.

போன மாதம் அந்த மாலில் நாங்கள் உட்கார்ந்திருந்தபோது திரையில் மழை பெய்யவில்லை. பனிக்கிரகம் கண்ணைப் பறித்தது. தோழன் இதயத்தைக் கொடுக்கும் இடம் வந்தது. அம்மா இந்தத் தடவை அழவில்லை. பின்வரிசையில் இளவட்டங்கள் அந்த வசனத்தைச் சேர்ந்து சொல்லிச் சிரித்தார்கள். விளக்குப் போட்டதும் ஏதாவது வாங்கிவரலாம் என்று எழுந்தேன். அம்மா என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"அன்னைக்கு நீ சோடா வாங்கப் போனியே, அப்ப உன்ற மாமன் என்ன கேட்டாரு தெரியுமா?"

"ஊருக்கே தெரியுமே" என்றேன். குரல் கொஞ்சம் கடுப்பாகத்தான் வந்தது.

"தெரியாது" என்றாள் அம்மா. "'முதுகு வலின்னு சொன்னியே அம்மிணி, இப்பத் தேவலையா?'ன்னு கேட்டாரு. தேவலைங்கண்ணான்னேன். 'உடம்பப் பாத்துக்க'ன்னாரு. அவ்வளவுதான். அப்பறம் நீ வந்துட்ட."

அத்தை சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. மாமா தன் வீட்டுக்குப் போய், அம்மாவிடம் கேட்டுவிட்டதாகப் பொய் சொல்லியிருக்கிறார். அதற்குமேல் யாரும் எங்கள் வாசலுக்கு வந்து அம்மாவை நெருக்கக் கூடாது என்றுதான் அப்படிச் சொல்லியிருக்கிறார். அந்தப் பொய்யைக் காப்பாற்றுவதற்காகத்தான் அம்மா எழவு வீட்டில் வாயைத் திறக்காமல் நின்றிருக்கிறாள் என்று தோன்றியது.

"அப்ப அவரு கேக்கவே இல்லியேம்மா! நீயும் மாட்டேன்னு சொல்லலியே! ஏம்மா இத்தன வருஷமா இதை ஒருத்தர்கிட்டயும் சொல்லல? உன்மேல என்ன தப்பு?"

அம்மா என்னைப் பார்த்தாள். குழந்தையிடம் சொல்வது போல மெதுவாகச் சொன்னாள்.

"கேட்டாத்தான் குடுக்கோணுமா சாமி?"

விளக்கு அணைந்தது. மிச்சப் படத்தை நான் பார்க்கவில்லை. அண்ணன் கேட்டுவிட்டால் மறுக்க முடியவில்லை என்று அப்பாவிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று அம்மா காத்துக்கொண்டிருந்திருக்கிறாள். தங்கையாகவே ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று மாமா காத்துக்கொண்டிருந்திருக்கிறார். முகத்தைத் திருப்பினால் கண் பட்டுவிடும், கண் பட்டால் பேசவேண்டி வந்துவிடும் என்று அன்றைக்கு இடைவேளைக்குப் பிறகு இரண்டு பேரும் திரையைவிட்டுப் பார்வையை எடுக்காமல் கடைசிவரை உட்கார்ந்திருந்தார்கள். இருவருக்கும் படம் அவ்வளவு பிடித்துவிட்டது என்று நடுவில் உட்கார்ந்திருந்த நான் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.