சுத்தமான வண்டி

பழைய கார்களுக்கு ஆள் பார்த்து விற்றுக்கொடுப்பது எங்கள் தொழில், அதில் வேலைப் பிரிவினை தெளிவானது. பழைய காரை லாரியில் ஏற்றுவது, கட்டுவது, இறக்குவது என் வீட்டுக்காரர். வண்டிப் பேப்பர் பார்ப்பது, விலை மதிப்பது, சண்டை போடுவது நான். செங்கல்பட்டில் வண்டி ஏஜென்ட் ஒருவரிடம் பதினோரு வருஷம் ஃபாரம் நிரப்பியவள். ஆர்.சி. புத்தகத்தைப் புரட்டினாலே அந்த வண்டி எத்தனை பேரை அழவைத்தது என்று சொல்லிவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு, ஒத்துக்கொள்கிறேன்.

ஏஜென்ட் ஆபீஸ் பாஷையில் 'சுத்தமான வண்டி' என்றால் கடன் இல்லை, கேஸ் இல்லை, வரி கட்டியாச்சு, பெயர் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். வண்டிமேல் ஒரு விரல் தடிமனுக்குத் தூசி இருக்கலாம், பின் சீட்டில் கோழி முட்டை போட்டிருக்கலாம். அதற்கும் சுத்தத்துக்கும் சம்பந்தமே இல்லை. வருஷக்கணக்கில் அப்படியே பேசிப் பேசி, ஊரில் மற்றவர்களுக்கு அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தம் உண்டு என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

போன மாசியில் சதுரங்கப்பட்டினத்திலிருந்து ஒருவர் போன் செய்தார். கல்பாக்கத்தில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வுபெற்றவர். மாமனார் வாங்கிய அம்பாசிடர் ஒன்று, ஆதிகாலத்து மாடல், நாற்பது வருஷமாக இவரிடம் இருக்கிறது. இப்போது கண் மங்கிவிட்டதால் ஓட்டுவதில்லை. வண்டி நிற்கும் இடத்தில் மகன் வீடு கட்டப்போகிறான்.

"ஓட்றவங்களா பாத்துக் குடும்மா. இல்லாங்காட்டி காயலான் கடைக்காரன் வந்து அறுத்து எத்துனு பூடுவான்" என்றார். 'அறுத்து' என்று சொல்லும்போது குரல் உள்ளே போய்விட்டது.

அவருடைய மருமகள் போட்டோ அனுப்பினாள். மங்கிய வெளிர் நீலம், அங்கங்கே வெளுத்திருந்தது. பார்த்ததும் எனக்குக் கை பரபரத்தது. தொழிற்சாலையில் அடித்த பெயிண்ட் என்று அந்த நிமிஷமே முடிவு கட்டிவிட்டேன். கூடுவாஞ்சேரியில் ஒரு பல் டாக்டர் அப்படி ஒரு வண்டிக்காக இரண்டு வருஷமாக என் உயிரை எடுத்துக்கொண்டிருந்தார். "ஒரிஜினல் பெயிண்ட் டாக்டர், கண்ண மூடினு வாங்கலாம்" என்று அவருக்குச் சொன்னேன். அடுத்து பெரியவரைக் கூப்பிட்டு, "ரெண்டு வாரத்துல வந்து எடுத்துக்குறோம் சார். வண்டி மட்டும் சுத்தமா இருக்கணும்" என்றேன்.

"அதப் பத்திக் கவலையே படாதம்மா" என்றார்.

இரண்டு வாரம் கழித்து லாரியை எடுத்துக்கொண்டு போனோம். கேட்டைத் திறந்ததும் பெயிண்ட் வாசனை மூக்கில் ஏறியது. தென்னை மரத்தடியில் அம்பாசிடர் பளபளவென்று நிற்கிறது. கிட்டப் போனால் பிரஷ் தடம் வரிவரியாகத் தெரிகிறது.

"பத்து நாளு வேல. நானும் எங்கூட சர்வீஸ்ல இருந்தவரும். உப்புத்தாள் போட்டுத் தேச்சி, அப்பால ரெண்டு கோட்டு" என்றார் பெரியவர். சட்டையில் நீலத் துளிகள். "சுத்தமா கீதா?"

டாக்டர் கேட்ட ஒரிஜினல் பெயிண்ட் போயே போச்சு. என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், பிறகு தென்னை மரத்தை அண்ணாந்து பார்க்க ஆரம்பித்துவிட்டார். யார் சார் உங்களை அடிக்கச் சொன்னது என்று கத்த வாயைத் திறந்தவள் அப்படியே மூடிக்கொண்டேன். யார் சொன்னது? நான்தான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

கிணற்றுப் பக்கம் போய் டாக்டருக்குப் போன் போட்டேன். "பெயிண்ட் போச்சா? அப்ப எனக்கு வேணாம்மா" என்று வைத்துவிட்டார். தெரிந்த இன்னும் இரண்டு பேரைக் கேட்டேன், அவர்களும் கைவிரித்தார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று மறுநாள் காலைக்குக் காயலான் கடைக்காரரையும் வரச் சொல்லியிருப்பதாக மருமகள் சொன்னாள்.

"இப்ப இன்னா பண்றது?" என்று வீட்டுக்காரரிடம் எரிந்து விழுந்தேன்.

"டாக்டரு வண்டியப் பாக்காமதான வேணாம்னாரு? பாத்துட்டு சொல்லட்டும். எத்துனு போவோம்" என்றார். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசுகிற மனுஷன். அன்றைய கணக்கு அதோடு தீர்ந்தது.

லாரியின் சரிவுப் பலகையை இறக்கி, சக்கரத்தைக் கட்டச் சங்கிலியை எடுத்தார். பெரியவர் வந்து அந்தச் சங்கிலிமேல் கை வைத்தார். "ஓட்ற வண்டிம்மா இது. கையக் கால கட்டி அனுப்பாத."

சாவியைப் போட்டேன். ஒரே செல்ஃபில் எடுத்தது. எஃப்.சி., இன்சூரன்ஸ், வரி எல்லாவற்றையும் வாங்கிப் பார்த்தேன். ஒரு புள்ளி குறை சொல்ல முடியாது. என் பாஷையிலும் சுத்தம், அவர் பாஷையிலும் சுத்தம்! சிரிப்பு வந்துவிட்டது. நான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தேன், பெரியவர் பக்கத்தில் ஏறிக்கொண்டார். வீட்டுக்காரர் காலி லாரியோடு பின்னால் வந்தார்.

திருக்கழுக்குன்றம் ரோட்டில் கண்ணாடியை இறக்கிவிட்டு அந்த வண்டியை ஓட்டினேனே, அப்பாடா! எதிரில் வந்த பஸ் டிரைவர் ஹாரன் அடித்துக் கையாட்டினார். விற்கப் போகிறோமா, திட்டு வாங்கப் போகிறோமா என்று தெரியாத அந்த நிலைமையிலும் நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். அந்தச் சந்தோஷமே உறுத்தியது. உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"சார், நான் சுத்தம்னு சொன்னது பேப்பர. பழைய பெயிண்டுக்குத்தான் மதிப்பு. என்னாலதான் உங்க வண்டி கெட்டுப்போச்சு."

அவர் சட்டையிலிருந்த நீலத் துளியைச் சுரண்டினார். "நீ பேப்பர்னு சொல்லியிருந்தாலும் அடிச்சிருப்பேன்மா. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தபா அடிக்கிறதுதான. கேட்டு, ஜன்னல் கம்பி, வண்டி, எல்லாத்துக்கும் ஒரே டப்பா."

"அப்ப போட்டோல நான் பாத்தது?"

"அது போன தபா அடிச்சது."

பதினோரு வருஷத் திமிர் திருக்கழுக்குன்றம் ரோட்டில் இறங்கிப் போனது. ஜன்னல் கம்பிக்கு அடிக்கிற பெயிண்டைப் பார்த்துத்தான் தொழிற்சாலை பெயிண்ட் என்று சத்தியம் செய்யாத குறையாக விற்கப் பார்த்திருக்கிறேன்.

கூடுவாஞ்சேரியில் டாக்டர் வீட்டு வாசலில் நிறுத்தியதும் அதையும் மறைக்காமல் அவரிடம் சொன்னேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்ப எதுக்கும்மா இங்க எடுத்துட்டு வந்தீங்க?"

பின்னால் வந்து இறங்கிய என் வீட்டுக்காரர் கர்ச்சீப்பில் சுற்றிய காந்தம் ஒன்றைப் பையிலிருந்து எடுத்து டாக்டரிடம் நீட்டினார். துருப்பிடித்த ஓட்டையைப் பட்டி வைத்து அடைத்திருந்தால் அந்த இடத்தில் காந்தம் ஒட்டாது. டாக்டர் வேண்டாவெறுப்பாகக் கதவின் அடியில் வைத்தார். டக். அடுத்த கதவு, டக். டிக்கி, மட்கார்டு, எங்கே வைத்தாலும் டக் டக்கென்று பிடித்துக்கொண்டது. கடைசியில் மனுஷன் வெள்ளைச் சட்டையோடு தெருவில் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் போய்விட்டார்.

எழுந்தவர் பெரியவரைக் கேட்டார். "கடலோரமாவா நின்னது இது?"

"நாப்பது வருஷம். வூட்டுலேந்து கடலு கல்லெறி தூரம்."

"உப்புக் காத்துல தகரம் இந்நேரம் சல்லடையா ஆயிருக்கணுமே. துரு எங்க?"

"புடிக்க உட்டாத்தான?"

டாக்டர் சிரித்துவிட்டார். "தினமும் பல்லு தேய்க்கிற பேஷன்ட்ட இப்பதான் பாக்குறேன். பெயிண்ட எப்ப வேணாலும் மாத்திக்கலாம். தகரம் போனா வராது."

விலையை அவர்கள் இரண்டு பேரே பேசிக்கொண்டார்கள். இருவருக்கும் திருப்தி என்பது முகத்தில் தெரிந்தது. பெரியவர் லாரியில் ஏறப் போனபோது டாக்டர் தடுத்து, "நானே ஓட்டிட்டு வந்து உங்களை விடுறேன்" என்று முன்கதவைத் திறந்தார். அவர்கள் இருவரும் அம்பாசிடரில் முன்னால் போக, வண்டி ஏற்றிச் செல்ல வந்த நாங்கள் ஒன்றுமே ஏற்றாமல் செங்கல்பட்டு வரை பின்னாலேயே போனோம்.

மறுநாள் பத்து மணி இருக்கும், பெரியவர் போன் செய்தார்.

"காயலான் கடைக்காரன் வந்தான்மா. வண்டி எங்கன்னு கேட்டான்."

"இன்னா சொன்னீங்க சார்?"

"ஓட்டினு பூட்டாங்கன்னு சொன்னேன்" என்றார். நான் சரியாகக் கேட்டேனா என்று சந்தேகம் போலிருக்கிறது, சத்தமாக இன்னொரு தரம் சொன்னார். "தூக்கினு பூட்டாங்கன்னு சொல்லலம்மா. ஓட்டினு பூட்டாங்கன்னு சொன்னேன்."