சுண்ணாம்புத் தொட்டி மேல் போட்ட பழி

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் கெமிஸ்டாக இருந்தேன். பத்து வருடம் முன்பு என் மனைவியின் தம்பியை அங்கே சேர்த்துவிட்டதும் நான்தான். தோலிலிருந்து மயிர் கழிய ஊறப்போடும் சுண்ணாம்புத் தொட்டிகளில் அவனுக்கு வேலை.

முதலில் அவன் விலாவில் சிவந்த தடிப்புகள் வந்தன. எங்கள் ஊரில் எது தடித்தாலும் தொழிற்சாலை அரிப்பு என்போம். நானும் அதையே சொல்லி எண்ணெய் தடவச் சொன்னேன். சில மாதங்களில் கழுத்தில் கட்டிகள் வந்தன. பிறகு தாகம், குழறிய பேச்சு. வேலூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, "தோல திருப்பிப் போடுங்கப்பா, வெந்துடப் போவுது" என்று நர்ஸுகளை விரட்டிக்கொண்டிருந்தான்.

"தொட்டியில பத்து வருசம் கூலியாளு. இங்க வந்து மேஸ்திரி ஆயிட்டாரு" என்றாள் அவன் மனைவி.

சோதனைகள் முடிந்ததும் டாக்டர் என்னைத் தனியே அழைத்து ஆங்கிலத்தில் சொன்னார். டி-செல் லிம்போமா, வேகமாகப் பரவும் வகைப் புற்றுநோய். ரத்தத்தில் கால்சியம் ஏறியதால்தான் தாகமும் குழப்பமும். சலைன் ஏற்றினால் இறங்கும். நோய் இருக்கும்வரை மறுபடி ஏறும். புற்றுநோய் ஊசிகளால் கட்டிகள் கரையலாம், திரும்பியும் வரலாம். எதிர்ப்புச் சக்தி போய்விடுவதால் நுரையீரலில் கிருமி புகுந்து சாகிறவர்களே அதிகம். எவ்வளவு காலம் என்று கேட்டேன். "வருஷக் கணக்கில் யோசிக்காதீர்கள். வீட்டாருக்கு நீங்களே எடுத்துச் சொல்லிவிடுங்கள்" என்றார்.

வராந்தாவில் அவள் நின்றிருந்தாள். "இன்னாண்ணா சொன்னாரு?"

"ரத்தத்துல கால்சியம் ஜாஸ்தியாயிடுச்சாம்மா."

"அப்டின்னா?"

"சுண்ணாம்புச் சத்து."

"அதான பாத்தேன். அந்தத் தொட்டியிலயே கெடந்தா ஏறாம இன்னா பண்ணும்?" பல நாள் கழித்து அவள் முகம் தெளிந்தது.

தொட்டிச் சுண்ணாம்பு அப்படி ரத்தத்தில் ஏறாது. எலும்பு கரைந்து வந்தது அது. அதைச் சொன்னால் மீதியையும் சொல்ல வேண்டும். நான் தலையசைத்தேன்.

நான்காம் நாள் அவனுக்குப் புத்தி தெளிந்தது. "இன்னா மாமா, டூட்டிக்குப் போவலியா? சம்பளம் புடிச்சிக்கப் போறாங்க" என்றான். கணவனும் மனைவியும் பேசி முடிவெடுத்தார்கள்: சுண்ணாம்பு இறங்கிவிட்டது, அதற்கென்று அவர்கள் நினைத்த ஊசி இனி வேண்டாம், தொட்டி வேலையை விட்டுவிட்டு மாதனூரில் அவள் அண்ணன் நிலத்தைப் பார்த்துக்கொள்வது. ஊசி போடாவிட்டால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியுமா என டாக்டர் கேட்டார். தெரியும் என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? கோழைத்தனம் என்று ஒரு நாள் தோன்றுகிறது. இரக்கம் என்று இன்னொரு நாள் தோன்றுகிறது. அதை நான் நம்புவதில்லை. தொட்டியைக் குற்றம் சொன்னால் அவனை அங்கே சேர்த்த என்னையும் சொன்னதாகிறது. அந்தப் பழியை ஏற்க நான் தயங்கவே இல்லை. விலாவைப் பார்த்துவிட்டு எண்ணெய் தடவச் சொன்னது மட்டும் வெளியே வராமல் இருந்தால் போதும் என்று இருந்ததோ என்னவோ.

ஆறாவது வாரம் தாகம் திரும்பியது. மாதனூருக்குப் போனேன். இன்னும் சுயநினைவு இருந்தது.

"மாமா, நான் சுண்ணாம்பு பக்கமே போவலியே. அப்பறம் எப்டி ஏறுது?"

"பழசு. உள்ள தங்கியிருக்கும்."

"அப்ப இதுவும் எறங்கிடும்" என்றான்.

மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஊசி தாங்கும் உடம்பு இல்லை என்றார்கள். மூச்சுத் திணறல் தொடங்கி ஒன்பதாம் நாள் போய்விட்டான்.

ஊசி போட்டிருந்தால் பிழைத்திருப்பானா என்று பின்னர் டாக்டரைக் கேட்டேன். சில மாதங்கள் கூடியிருக்கலாம், கூடாமலும் போயிருக்கலாம் என்றார். அவற்றில் பாதி ஆஸ்பத்திரியிலேயே கழிந்திருக்கும் என்றும் சொன்னார். அதைக் கேட்டு எனக்கு ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலுக்காக வெட்கப்பட்டேன். ஆறு வாரம் அவன் வீட்டில் இருந்தது உண்மை. வேண்டுமா வேண்டாமா என்று அவனே சொல்ல வேண்டியதை நான் எடுத்துக்கொண்டதும் உண்மை. இரண்டில் எது பெரிது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. அவன் மனைவி சாகும்வரை, டாக்டர் சொன்ன எல்லாவற்றையும் நான் அவர்களுக்குச் சொன்னதாகவே நம்பினாள்.