ஒயில் பம்ப் தேஞ்ச கதை

அப்பாவின்ர ஜீப்பைப் பழைய இரும்புக்குக் குடுக்கிறது எண்டு நான் முடிவெடுத்தது நுளம்பாலதான். வெள்ளவத்தையில எங்கட வீட்டுப் பின்வளவில அது முப்பது வருசத்துக்கு மேல ஒரே இடத்தில நிண்டது. மூடியிருந்த தறப்பாளில மழைத்தண்ணி தேங்கி, டெங்கு பார்க்க வந்த சுகாதாரப் பரிசோதகர் ரோச் லைற் அடிச்சுப் பார்த்து, நுளம்புக் குடம்பி இருக்கு, அடுத்தமுறை கண்டால் வழக்குத்தான் எண்டு சிங்களத்தில சொல்லிப்போட்டுப் போனார். சனியன் துலையட்டும் எண்டு எனக்கும் வந்திட்டுது. நான் தனிக்கட்டை. வங்கியில வேலை செய்து ஓய்வெடுத்தவள். உலக யுத்தத்தில ஓடின ஜீப் எனக்கு என்னத்துக்கு?

அது யுத்தம் முடிய வெள்ளைக்காரன் விட்டிட்டுப்போன ஜீப். ஆரோ தோட்டத்துத் துரை வச்சிருந்து, பிறகு அப்பாவிட்ட வந்தது. முதல் ஆமிப் பச்சையிலதான் இருந்தது. எண்பத்திமூண்டுக் கலவரத்துக்குப் பிறகு, தமிழ் வீட்டு வளவில உந்த நிறத்தில ஜீப் நிண்டால் என்ன கதை கட்டுவாங்களோ எண்டு அப்பா பயந்து, தானே பிரஷ் எடுத்து நீலம் அடிச்சார். தம்பி அதிலதான் வாகனம் ஓடப் பழகினவன். பத்தொன்பது வயசில அவனைக் கனடாவுக்கு அனுப்பினம். அதுக்குப் பிறகு ஜீப்பை ஒருத்தரும் எடுக்கேல்லை.

இரும்புக்காரன் வாற முதல்நாள், சும்மா ஒரு படம் எடுத்துக் குடும்பக் குறூப்பில போட்டன். கடைசியா ஒருக்கால் பார்க்கிற ஆக்கள் பாருங்கோ எண்டு எழுதினன். தம்பியும் அந்தக் குறூப்பில இருந்தவன், ஆனா நாங்கள் ரெண்டுபேரும் கதைச்சு ஒன்பது வருசம். பத்து நிமிசத்தில ஃபோன் அடிச்சுது.

"அக்கா, அதைக் குடுக்காதைங்கோ."

சுகமா இருக்கிறியளோ எண்டுகூடக் கேக்கேல்லை. அவன்ர குரலைக் கேட்டதே எனக்குப் போதும். எண்டாலும் வாய் சும்மா கிடக்குமே? ஒன்பது வருசத்துக்குப் பிறகு ஜீப்புக்காண்டித்தான் எடுக்கிறியோடா எண்டு கேட்டன். அவன் சிரிச்சான்.

நாங்கள் கோவிச்சுக் கதைக்காமல் விட்ட காரணத்தையும் சொல்லவேணும். அம்மா கடைசி நாலு மாசம் படுத்த படுக்கை. தூரத்தில இருக்கிற பிள்ளைக்கு வருத்தத்தைச் சொல்லிக் கவலைப்படுத்தக்கூடாது எண்டுறது எங்கட சனத்தின்ர வழக்கம். அம்மாவுக்கு நல்ல சுகம், கோயிலுக்குப் போட்டா, நித்திரை கொள்ளுறா எண்டு சொல்லிச் சொல்லியே நாள் கடத்தினன். செத்தாப்பிறகுதான் சொன்னன். அவன் ஃபோனில குழறி அழுதான். என்னை ஏன் ஏமாத்தினீங்கள் எண்டு கத்தினான். எனக்கும் நாலு மாச அலுப்பு. தெரிஞ்சிருந்தால் மட்டும் வந்து என்னத்தைக் கிழிச்சிருப்பாய் எண்டு கேட்டிட்டன். போய் இருவது வருசமாகியும் அப்ப அவனுக்கு அங்க அகதிப் பேப்பர் சரிவரேல்லை, வர ஏலாது எண்டு தெரிஞ்சுகொண்டுதான் கேட்டனான். அப்பிடி ஒரு நாக்கு எனக்கு.

இரும்புக்காரனை வரவேண்டாம் எண்டு சொல்லிப்போட்டு, ஜீப்பைத் தெமட்டகொடையில ஒரு கராஜுக்கு இழுப்பிச்சன். அங்க பழைய எஞ்சின் எண்டால் சாப்பாட்டையும் மறக்கிற ஒரு சோனக மனுசன் இருந்தார். நான் அவரை, அவையள் அண்ணனைக் கூப்பிடுறமாதிரி, நானா எண்டுவன், அவர் என்னை மிஸ் எண்டுவார். எஞ்சின் துருப்பிடிச்சு இறுகிப்போய்க் கிடந்தது. நாலு பிஸ்டனும் அசையேல்லை. நானா டீசலும் எண்ணெயும் கலந்து சிலிண்டருக்குள்ள ஊத்தி, மூண்டு கிழமைக்கு ஒருத்தரும் கிட்டப் போகக்கூடாது எண்டார். நாலாம் கிழமை மரக்கட்டையை வச்சு மெல்ல மெல்லத் தட்ட, முதல் பிஸ்டன் ஒரு விரல் அளவு இறங்கிச்சுது. அதை நான் வீடியோ எடுத்து அனுப்ப, தம்பி அங்க ஒரு மணித்தியாலம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தானாம். எங்கட குடும்பத்தில ஒரு பிள்ளை பிறந்ததுக்குக்கூட உவ்வளவு சந்தோசப்பட்டதில்லை.

பிறகு நான் பழைய வாகனச் சாமான் விக்கிற பஞ்சிகாவத்தைக்கு அலைஞ்ச அலைச்சல்! வெய்யிலில குடையும் பையுமாக் கடை கடையா ஏறி, கடைப்பெடியளைத் தம்பி எண்ட கருத்தில மல்லி எண்டு கூப்பிட்டு, இந்த பெயாரிங் இருக்கோ, இந்த வால்வ் இருக்கோ எண்டு சிங்களத்தில கேப்பன். ஒருத்தன் உழவு மெசினின்ர சாமானை எடுத்து நீட்டி, இதுதான் அது எண்டு சத்தியம் பண்ணினான். நான் அளவுகோலை எடுத்து அளந்து காட்ட, அவன் வாயை மூடிக்கொண்டு தேத்தண்ணி தந்தான். இஞ்ச கிடைக்காததைத் தம்பி அங்க தேடினான். ஹெட் காஸ்கெட், பிஸ்டன் ரிங் எல்லாம் அவன் அனுப்பினது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலமை எட்டு மணிக்கு எடுப்பான். முதல் பத்து நிமிசம் எஞ்சின் கதை. பிறகு மற்றக் கதை. திரும்பப் பழைய ஆமிப் பச்சையே அடிப்பம் அக்கா எண்டான். உனக்கென்ன விசரோ, என்னைப் பிடிச்சுக்கொண்டு போகட்டோ எண்டு பேசினன். அம்மாவைப் பற்றி மட்டும் ரெண்டுபேரும் வாயே திறக்கேல்லை. எண்டாலும் சனிக்கிழமை பின்னேரமே எனக்கு மனம் துள்ளத் தொடங்கிடும். வெக்கத்தை விட்டுச் சொல்லுறன், கிழமையில அந்த ஒரு மணித்தியாலத்துக்காண்டித்தான் நான் மற்ற ஆறு நாளையும் தள்ளினன்.

ஒன்றரை வருசம் போச்சு. ஒருநாள் நானா கையைத் துடைச்சுக்கொண்டு வந்து, எல்லாம் பூட்டியாச்சு மிஸ், இனி ஸ்டார்ட் பண்ண ஏலும் எண்டார். தம்பி எப்பவோ சொல்லி வச்சவன், முதல்முதல் ஸ்டார்ட் பண்ணேக்க தனக்குக் காட்டவேணும் எண்டு. சந்தோசமா வீட்டை வந்தன். ஞாயிற்றுக்கிழமை சொல்லுவம் எண்டு இருக்க, மனசுக்குள்ள ஒரு பயம் ஏறிச்சுது. எஞ்சின் ஓடினால் பிறகு என்ன? பிறகு என்னத்துக்கு அவன் எடுப்பான்? இன்னொரு ஒன்பது வருசம் எனக்கு எங்க கிடக்கு?

அவன் எடுத்து, என்னண்டு அக்கா, முடிஞ்சுதோ எண்டு கேட்டான்.

"இல்லையடா. ஒயில் பம்ப் தேஞ்சு போச்சாம்."

வாயில வந்த முதல் சாமானைச் சொன்னன். அவன் அங்க ஏதோ எழுதுற சத்தம் கேட்டுது. பிறகு, பயப்படாதைங்கோ, நான் தேடுறன் எண்டான். குரல் களைச்சுப்போய் இருந்தது. அந்த நாளையில அவன் வீடியோவில முகம் காட்டுறதையும் விட்டிட்டான். கேட்டால், கமெரா உடைஞ்சுபோச்சு எண்டுவான். நானும் நம்பினன். பொய்யிலேயே ஊறின எனக்கு அது விளங்கேல்லை பாருங்கோ.

ரெண்டு மாசத்தில பார்சல் வந்தது. உள்ளுக்கு ஒரு துவாயில சுத்தி பம்ப். அதில ஒரு பேப்பர் ஒட்டி, அம்புக்குறி போட்டு, "அக்கா, இந்தப் பக்கம் மேல" எண்டு எழுதியிருந்தான். எழுத்து கோணல்மாணலா இருந்தது. தமிழ் எழுதிக் கனகாலமாக்கும் எண்டு நினைச்சன். பார்சலைக் கொண்டுபோய் அலுமாரிக்குள்ள வச்சன். அந்த ஞாயிறு அவன் கேக்க, இன்னும் வரேல்லை எண்டன். அடுத்த ஞாயிறும் வரேல்லை எண்டன். மூண்டாம் ஞாயிறு அவன், தபால்காரரை ஒருக்கால் போய்க் கேளுங்கோ அக்கா, கொஞ்சம் கெதியாக் கேளுங்கோ எண்டான். என்னடா அவசரம், ஜீப் என்ன ஓடியே போகப்போகுது எண்டு நக்கலடிச்சன்.

நாலாம் ஞாயிறு அவன் எடுக்கேல்லை. செவ்வாய்க்கிழமை அவன்ர மனுசி எடுத்தா.

தம்பி செத்திட்டானாம். ஈரலில புற்றுநோயாம். ஒரு வருசமாத் தெரியுமாம். "அக்காவுக்குச் சொல்லக்கூடாது எண்டு என்னட்டச் சத்தியம் வாங்கினவர் மச்சாள்" எண்டு அழுதா. அவன் எனக்குச் செய்ததை நான் அவனுக்கு முதலே செய்தவள். ஏன் மறைச்சனீங்கள் எண்டு நான் கேக்கேல்லை. கேக்கிற உரிமை எனக்கில்லை.

அவ சொல்லிக்கொண்டே போனா. அந்தப் பம்ப் ஒரு கிழவனிட்ட இருக்கெண்டு கண்டுபிடிச்சு, மருந்து ஏத்தி ரெண்டாம் நாள், பனிக்குள்ள நாலு மணித்தியாலம் போனவையாம். அவ கார் ஓட, அவன் வயித்தில தலகாணியை அணைச்சுக்கொண்டு பக்கத்தில இருந்தானாம். வேண்டாம், தபாலில எடுப்பம் எண்டு அவ கெஞ்ச, பிழையான சாமான் வந்திட்டால் அக்கா திரும்ப அலையவேணும், நான் கையால பிடிச்சுப் பார்த்துத்தான் எடுப்பன் எண்டவனாம்.

பிறகு அவ கேட்டா: "அந்தப் பம்ப் சரி வந்ததோ மச்சாள்? கடைசிவரைக்கும் அதைத்தான் கேட்டுக்கொண்டு கிடந்தவர்."

ஓம் எண்டன். வேற என்னத்தைச் சொல்லுறது?

அடுத்தநாள் விடிய அலுமாரியைத் திறந்து பார்சலை எடுத்துக்கொண்டு தெமட்டகொடைக்குப் போனன். பூட்டியிருக்கிற பம்பைக் கழட்டிப்போட்டு இதைப் பூட்டுங்கோ எண்டன். நானா ரெண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "உள்ளது நல்லா ஈக்கிது மிஸ். இதக் கழட்டினா டைமிங் எல்லாம் திரும்ப வெக்கோணும். ஏன் சும்மா?"

தம்பி செத்துப்போனான் எண்டன். ஒண்டும் பழுதில்லாத பம்பை நான் தேஞ்சது எண்டு சொன்னதையும், அவன் அதுக்காண்டிப் பனிக்குள்ள போனதையும் சொன்னன். ஒரு மனுசருக்கு அதை நான் முதல்முதல் சொன்னது அண்டைக்குத்தான். நானா என்னைத் திட்டுவார் எண்டு பார்த்தன். திட்டியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். அவர் ஸ்பானரை எடுத்து எஞ்சினுக்குப் பக்கத்தில குந்தினார். கோணல் எழுத்து விளங்காமல் அந்தப் பேப்பரை என்னட்ட நீட்டி, மேல எது எண்டு கேட்டார். நான் வாசிச்சுச் சொன்னன்.

பின்னேரம் மூண்டு மணிபோலப் பூட்டி முடிஞ்சுது. நானா ஏறி இருந்து ஸ்டார்ட்டரை மிதிச்சார். ரெண்டுதரம் இருமிப்போட்டு, மூண்டாம்தரம் பிடிச்சுது. ஒயில் அமுக்கம் காட்டுற முள் நடுங்கி நடுங்கி மேல ஏறி நிண்டது. பக்கத்துக் கராஜில இருந்தெல்லாம் ஆக்கள் வந்து பார்த்தினம். நான் ஃபோனைக் கையில வச்சுக்கொண்டு நிண்டன், ஆருக்குக் காட்டுறது எண்டு தெரியாமல்.

கொஞ்ச நேரத்தால நானா குனிஞ்சு, நிப்பாட்டவா மிஸ் எண்டு கேட்டார்.

வேண்டாம் எண்டன். இவ்வளவு நாளும் நிப்பாட்டி வச்சிருந்தது நான்தானே.