நாற்பத்தொன்றாம் தாளின் மலை

எங்கள் அலுவலகத்தில் எனக்குப் பட்டப்பெயர் சிடுமூஞ்சி. என் காதில் விழாது என்று நினைத்து வைத்தார்கள்; விழுந்தது, போகட்டும். மற்றவர்கள் வரைந்த கோடுகளையெல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து, தப்பு, தப்பு என்று திருப்பி அனுப்புகிறவனைக் கொஞ்சவா செய்வார்கள்?

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். விமானிகளுக்காக அச்சிட்ட வரைபடத் தாள்களை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டர் திரையில் விரித்துக்கொள்வோம். அதில் தெரியும் ஆறு, சாலை, ரயில் பாதை, மின்கம்பி, மலை எல்லாவற்றையும் மவுஸால் புள்ளி புள்ளியாக வைத்துக் கோடாக்குவோம். வெறும் படமாக இருந்தது அப்போது கணக்காக மாறும். ஒவ்வொரு வளைவும் எந்த இடத்தில் இருக்கிறது, ஒவ்வொரு சிகரமும் எத்தனை அடி உயரம் என்று கேட்டால் சொல்லும். அந்த அடிப்படைப் படம்தான் இப்போது விமானி முன்னால் இருக்கும் புதிய திரைகளில் ஓடப்போகிறது. கேட்க ஜோராக இருக்கும். உட்கார்ந்து வரைந்து பாருங்கள், இரண்டே நாளில் கழுத்து பிடித்துக்கொள்ளும்.

அந்த வேலையை இருபத்திரண்டு வருஷமாகச் செய்பவர் மலையக்கா. மற்றவர்களுக்கு மலை என்றாலே காய்ச்சல் வரும், ஏனென்றால் ஒரே உயரத்தைக் காட்டும் கோடுகள் அங்கே நூல்கண்டு சிக்கினது போலக் கிடக்கும். இந்த அம்மா மட்டும் மலைத் தாளாகக் கேட்டு வாங்குவார். அதனால் வந்த பெயர். நாற்காலியில் ஒரு தேய்ந்த மெத்தை, மேசையில் பச்சை நிறப் பிளாஸ்டிக் ஸ்கேல், கைப்பிடி உடைந்த ஒரு பூதக்கண்ணாடி. வரையும்போது கோடுகளோடு பேசிக்கொண்டே இருப்பார். ஆறு ஒன்று மேட்டில் ஏறுவது போலத் தெரிந்தால், "ஏண்டி, எங்க ஏறுற? இறங்கு, இறங்கு" என்று அதட்டுவார். பக்கத்து மேசைக்காரர்கள் சிரிப்பார்கள். நான்கூட ஒருமுறை சிரித்திருக்கிறேன், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

அவருக்கு நான் கடன்பட்டவன். வேலையில் சேர்ந்த புதிதில் நானும் கோடு வரைந்தவன்தான். ஒரு தாளில் அழகான வட்ட ஏரி ஒன்றைக் கண்டுபிடித்து, கரை பிசகாமல் வரைந்து, நீல வண்ணமும் நிரப்பிவிட்டேன். அது யாரோ தாள்மேல் வைத்த டீ டம்ளரின் கறை! மலையக்கா பார்த்தார். என் நாற்காலியில் உட்கார்ந்து ஏரியை அழித்தார். "தண்ணி வத்திப்போச்சு தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். இன்றுவரை ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. இல்லாவிட்டால் என் பட்டப்பெயர் வேறாக இருந்திருக்கும்.

அப்படிப்பட்டவரிடம் ஒரே ஒரு முரண்டு உண்டு. நாற்பத்தொன்றாம் தாள். எத்தனை முறை தாள்கட்டைக் கொடுத்தாலும் அந்தத் தாள் மட்டும் அடிக்குப் போய்விடும். "நாப்பத்தொண்ணு எப்பக்கா வரும்?" என்று நான் கத்துவேன். "வரும், வரும், எங்க ஓடிப்போகப்போகுது" என்பார். மூன்று வருஷம் இப்படியே போயிற்று. அந்தத் தொகுதி முழுவதையும் வெள்ளிக்கிழமை அனுப்பியாக வேண்டும் என்ற வாரத்தில், திங்கட்கிழமை காலை, என் திரையில் நாற்பத்தொன்று முழுசாக வந்து நின்றது.

சோதித்தால் ஓரிடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. தாளின் நடுவில் வெறும் வெள்ளையாக ஒரு பகுதி. அங்கே நிலத்தின் உயரம் சரியாகத் தெரியாது, நம்பாதீர்கள் என்று அச்சிட்டே இருக்கிறது. அந்த வெள்ளைக்குள் ஒரு சிகரம் குந்தியிருந்தது. உயரம் 1962 அடி. பக்கத்தில் ஓடும் ஆறே மூவாயிரம் அடி உயரத்தில் இருக்கிறது! இந்தப் புள்ளியை எந்தத் தாளிலிருந்து எடுத்தோம் என்று எழுத வேண்டிய கட்டமோ காலி.

எனக்கு மூக்குக்கு மேல் வந்துவிட்டது. நேராக அவர் மேசைக்குப் போய், நாலு பேர் கேட்க, "என்னக்கா இது, மலையா கிணறா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. திரையைக் குனிந்து பார்த்தார்.

"ஐயையோ, மீட்டர்ல போட்டுட்டேன்" என்றார்.

இருபத்திரண்டு வருஷமாக அடியில் மட்டுமே எழுதிய கை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மீட்டர்ல எங்க பாத்தீங்க? தாள்லதான் ஒண்ணுமே இல்லையே" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

கைப்பையைத் திறந்தார். பிளாஸ்டிக் உறைக்குள் மடித்த நாலைந்து காகிதங்கள். விமான விபத்து ஒன்றின் விசாரணை அறிக்கை. ஒரு வரிக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டிருந்தது: வரைபடத்தில் குறிக்கப்படாத சிகரம், இடம் இன்னது, உயரம் 1962 மீட்டர்.

கணவர் விமான விபத்தில் இறந்தார், அதனால் கருணை அடிப்படையில் இந்த வேலை கிடைத்தது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். எங்கே, எப்படி என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

"தபால் விமானம் ஓட்டிட்டு இருந்தாரு. அன்னைக்கு ஒரே மேகம். தாள்ல வெள்ளையா இருக்கேன்னு தாழ்வாப் போயிட்டாரு" என்றார். "பாப்பாவுக்கு அப்போ ஒன்றரை வயசு. இப்ப அவ நர்ஸு. மலைக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரியில வேலை போட்டிருக்காங்க. வர்ற ஒண்ணாந்தேதியில இருந்து பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை சின்ன விமானத்துல போய் வரணும். அதே வழிதான் தம்பி. அதுக்கு மேல அந்தத் தாளை அடியிலயே வச்சிருக்க முடியல."

நாலு பேர் முன்னால் கத்திய வாயை என்ன செய்வது என்று தெரியவில்லை. ஆனாலும் சட்டம் சட்டம்தான். விமானிகளுக்காக அச்சிட்டதில் இல்லாத ஒரு புள்ளிகூட எங்கள் படத்தில் ஏறக் கூடாது. ஒருவருக்கு விட்டால் நாளைக்கு ஆளாளுக்கு மலை வைப்பார்கள். "இதை நான் விட முடியாதுக்கா" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"தெரியும். அந்தக் கட்டத்துல நாப்பத்தொண்ணுன்னு எழுதியிருந்தா உங்களுக்கு இவ்வளவு தொல்லை இருந்திருக்காது. பொய் எழுதக் கை வரல" என்றார். அழவில்லை. ஸ்கேலை எடுத்து மேசை ஓரத்தோடு நேராக வைத்தார்.

அன்று மத்தியானம் முழுவதும் யோசித்துக்கொண்டே இருந்தபோதுதான் திருத்தத் தாள்கள் நினைவுக்கு வந்தன. வரைபடம் அச்சான பிறகு தெரியவரும் கோபுரம், கம்பி, மலை எல்லாவற்றையும் சின்னத் தாளாக அச்சிட்டு மாதா மாதம் விமானிகளுக்கு அனுப்புவார்கள். அவர்கள் அதைப் பார்த்துத் தங்கள் வரைபடத்தில் பேனாவால் குறித்துக்கொள்வார்கள். எங்களுக்கும் தபாலில் ஒரு பிரதி வரும். வரைகிற மாடிக்கு அது வந்ததே இல்லை. கீழே கிடங்கில், கட்டுக் கட்டாக, பிரிக்காமலே கிடக்கும். அதுவும் விமானிகளுக்காக அச்சிட்டதுதானே?

செவ்வாய், புதன் இரண்டு நாளும் கிடங்கில் கிடந்தேன். ஒழுங்காக அடுக்கி வைக்காத புண்ணியவான்களை வாயார வைதேன். தும்மித் தும்மி மூக்கு சிவந்து போயிற்று. வருஷம் கலைந்து கிடந்தது; ஒரு கட்டைப் பாதி எலி தின்றிருந்தது. எலி தின்ற பாதியில் அது இருந்திருந்தால் என்று நினைத்து, மீதிப் பாதியை இரண்டு தடவை புரட்டினேன். வியாழக்கிழமை மத்தியானம் ஒரு மஞ்சள் தாளில் கண் நின்றது.

தாள் 41. புதிய தடை. சிகரம், 6437 அடி. பேனாவால் குறித்துக்கொள்ளவும்.

ஓடினேன். இந்த வயிற்றை வைத்துக்கொண்டு இரண்டு மாடி. தாளை அவர் முன்னால் வைத்தேன். அவர் பூதக்கண்ணாடியை எடுத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். இடத்தைக் குறித்த எண்ணைத் தன் புள்ளியோடு ஒத்துப் பார்த்தார். இம்மி பிசகவில்லை.

"தேதி என்ன போட்டிருக்கு?"

"விபத்து நடந்து நாலு மாசம் கழிச்சு."

இது விபத்துக்கு முன்னால் வந்திருக்கக் கூடாதா என்று கேட்பார் என நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"அப்ப, இத்தனை வருஷமா அந்தப் பக்கம் போனவங்க எல்லாருக்கும் தெரியுமா தம்பி? எல்லாரும் பாத்துத்தான் போனாங்களா?"

"ஆமாக்கா. எல்லாரும் பேனாவால குறிச்சு வச்சிருப்பாங்க."

அப்போதுதான் அழுதார். மேசையில் தலை கவிழ்ந்து, தோள் குலுங்க. இருபத்திரண்டு வருஷமும் ஆகாயத்தில் விமானச் சத்தம் கேட்கும்போதெல்லாம் இந்த மனுஷி என்ன பாடு பட்டிருப்பார் என்று எனக்கு அன்றுதான் உறைத்தது. எனக்கும் கண் நிறைந்துவிட்டது. தூசி என்று சொல்லிக்கொண்டேன், யாரும் நம்பவில்லை.

பிறகு முகம் கழுவிவிட்டு வந்து அவரே உட்கார்ந்தார். 1962ஐ அழித்து 6437 என்று அடித்தார். காலியாக இருந்த கட்டத்தில் திருத்தத் தாளின் எண்ணை எழுதினார். நான் சோதித்தேன். சிவப்பு விளக்கு எரியவில்லை.

அப்புறம் மகளுக்குப் போன் போட்டார். அப்பா போன இடம் எதுவென்று அந்தப் பெண்ணுக்கு அவர் சொன்னதே இல்லையாம்.

"பாப்பா, ஒண்ணாந்தேதி போறப்ப இடது பக்கம் ஜன்னல் சீட்டா கேட்டு வாங்கு. ஒரு மலை வரும். நல்லாப் பாரு, அப்பா அங்கதான் இருக்காரு. பயப்படாதம்மா, ஓட்டுறவங்களுக்கு அது தெரியும்."